அரசு நிறுவனங்களை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சங்கக் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் பொதுத்துறை பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், பேச்சு முடிந்ததும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மக்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதுதான் இதன் மையம். அதைப் புரிந்துகொள்ளத் தேவையான விவரங்களையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.

தனியார்மயமும் பங்கு விற்பனையும் ஒண்ணுதானே?

இல்லை. 51 சதவீதம்தான் எல்லைக்கோடு. அரசின் கையில் அதற்குக் குறையாமல் பங்கு இருக்கும்வரை சட்டப்படி அது அரசு நிறுவனம். 2022 மே மாதம் எல்ஐசியின் 3.5 சதவீதப் பங்குகளைச் சந்தையில் விற்று ஏறத்தாழ 20,500 கோடி ரூபாய் திரட்டினார்கள். எல்ஐசி இன்னும் அரசு நிறுவனம்தான். ஏர் இந்தியாவில் 100 சதவீதமும் போய்விட்டது, நிர்வாகமும் கைமாறியது. அதுதான் முழுமையான தனியார்மயம்.

ஆனால், முதலில் 5 சதவீதம், அப்புறம் 10 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள் என்று ஊழியர்கள் பயப்படுவதை நான் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். ‘கட்டுப்பாட்டை விடமாட்டோம்’ என்ற வாக்குறுதி ஓர் அமைச்சரவை தருவது. அடுத்த அமைச்சரவையை அது கட்டுப்படுத்தாது.

இதெல்லாம் இப்ப இருக்கிற ஆட்சி ஆரம்பிச்சதுதானே?

இல்லை. 1991-92இல் காங்கிரஸ் ஆட்சியில் சிறுபான்மைப் பங்குகளை விற்பதில் தொடங்கியது. வாஜ்பாய் ஆட்சியில், 1999 டிசம்பரில், இதற்கென்றே தனித் துறை வந்தது. 2000இல் ரொட்டி தயாரித்த மாடர்ன் ஃபுட்ஸ் இந்துஸ்தான் லீவருக்கும், 2001இல் அலுமினிய நிறுவனமான பால்கோ ஸ்டெர்லைட்டுக்கும், 2002இல் வெளிநாட்டுத் தொலைபேசிச் சேவை தந்த விஎஸ்என்எல் டாடாவுக்கும் போயின. சென்னை கிண்டியில் டெலிபிரிண்டர் தயாரித்துவந்த இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸின் 74 சதவீதப் பங்குகளும் 2001இல் தனியாருக்கு விற்கப்பட்டன. அது இன்று நம் ஊரிலேயே பலருக்கு நினைவில் இல்லை.

2004க்குப் பிறகு வேகம் குறைந்தது. 2021 பட்ஜெட்டோடு வந்த கொள்கைதான் பெரிய திருப்பம். அணுசக்தி-விண்வெளி-பாதுகாப்பு, போக்குவரத்து-தொலைத்தொடர்பு, மின்சாரம்-பெட்ரோலியம்-நிலக்கரி, வங்கி-காப்பீடு ஆகிய நான்கு வகைகளில் மட்டும், அதுவும் குறைந்தபட்ச அளவில் அரசு இருக்கும், மற்றவை விற்கப்படும் அல்லது மூடப்படும் என்றார்கள். எந்தக் கட்சியானாலும் எதிர்வரிசையில் இருக்கும்போது ஒரு பேச்சு, ஆளும்போது ஒரு பேச்சு என்பது முப்பது ஆண்டுகளாகப் பார்க்கும் காட்சி. மக்களின் அவநம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

நஷ்டத்துல ஓடுறதைத்தானே விக்கிறாங்க? அதுல என்ன தப்பு?

நல்ல லாபத்தில் இருந்தவையும் பட்டியலில் உண்டு. விஎஸ்என்எல், பெட்ரோலிய நிறுவனமான பிபிசிஎல், எல்ஐசி எல்லாம் நஷ்டத்தில் தள்ளாடியவை இல்லை. காரணம் எளிது. நஷ்டத்தில் இருப்பதை வாங்க ஆள் வரமாட்டார்கள். 2018இல் ஏர் இந்தியாவின் 76 சதவீதத்தை விற்கப் பார்த்தபோது ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. கடனில் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொண்ட பிறகுதான் 2021இல் விற்க முடிந்தது.

மக்கள் ஆதரிக்கிறாங்களா, எதிர்க்கிறாங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் அது பொய்யாகிவிடும். எந்த நிறுவனம், எந்த ஊர், விற்பதற்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. இந்தியாவில் இதை மட்டும் முன்வைத்து மக்களிடம் வாக்கு கேட்டதே கிடையாது. தேர்தல் அறிக்கையில் ஐம்பது விஷயங்களுக்கு நடுவே ஒரு வரியாக வரும், அவ்வளவுதான். ஆகவே ‘மக்கள் எங்களுக்கு ஓட்டுப் போட்டார்கள், அதனால் விற்கிறோம்’ என்பதும், ‘மக்கள் முழுக்க எதிர்க்கிறார்கள்’ என்பதும் இரண்டுமே அளவுக்கு மீறிய பேச்சு.

மற்ற நாடுகளில் கணக்கு இருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் லத்தீனோபாரோமெட்ரோ கருத்துக்கணிப்பில், தனியார்மயம் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 1998இல் பாதிக்குச் சற்றுக் குறைவு. 2003இல் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகச் சரிந்தது. கிழக்கு ஐரோப்பாவும் பழைய சோவியத் பகுதிகளும் சேர்ந்த 28 நாடுகளில் 2006இல் எடுத்த கணிப்பு இன்னும் கூர்மையானது. 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள், நடந்துமுடிந்த விற்பனைகளை ஏதோ ஒரு வகையில் திருத்த வேண்டும் என்றார்கள். ஆனால் ‘அரசே திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளட்டும்’ என்றவர்கள் அவர்களில் சிறுபான்மைதான். வாங்கியவர்கள் சொத்தின் உண்மையான மதிப்பைக் கட்டிவிட்டு வைத்துக்கொள்ளட்டும் என்றவர்களே அதிகம்.

இந்தக் கடைசி விவரத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். விற்ற விதத்தின் மீதுதான் அந்த மக்களுக்குக் கோபம். முதலாளி யார் என்பது பலருக்கு அதற்கு அடுத்த விஷயமாகவே இருந்திருக்கிறது.

அப்ப கேள்வியை எப்படிக் கேக்கிறாங்கங்கிறதப் பொறுத்து முடிவு மாறிடுமா?

நன்றாகவே மாறும். ‘உங்கள் வரிப்பணத்தை விழுங்கும் நிறுவனங்களை விற்கலாமா?’ என்றால் ஆமாம் என்பவர், ‘உங்கள் ஊர் ஆலையை வெளி முதலாளிக்குக் கொடுக்கலாமா?’ என்றால் கூடாது என்பார். ஒரே ஆள், ஒரே நாள். ‘இதைப் பற்றித் தெரியாது’ என்று ஒரு விடையைக் கணிப்பில் சேர்த்தால் ஒரு பெரிய கூட்டம் அங்கே போய் நிற்கும். சேர்க்காவிட்டால் அவர்களும் ஏதோ ஒரு பக்கம் தள்ளப்படுவார்கள்.

யாரிடம் கேட்கிறார்கள் என்பதும் உண்டு. பங்குச்சந்தைத் தளத்தில் வாக்கெடுப்பு வைத்தால் பங்கு வாங்குகிறவர்கள் பதில் சொல்வார்கள். ஆலை வாசலில் கேட்டால் தொழிலாளி சொல்வார். யாரிடம், எத்தனை பேரிடம், என்ன சொற்களில் கேட்டார்கள் என்று வெளியிடாத கணிப்பை இரண்டு தரப்புமே மேற்கோள் காட்டாமல் இருப்பது நல்லது.

ஏர் இந்தியாவை வித்தப்ப யாரும் தெருவுக்கு வரல. நெய்வேலின்னா மட்டும் ஏன் இவ்வளவு கொதிப்பு?

விமானத்தில் போகிறவர்கள் குறைவு. அது எந்த ஊர்க்காரர்களுக்கும் சொந்தமாகத் தோன்றவில்லை. பல ஆண்டு நஷ்டச் செய்தியும் மனதில் பதிந்திருந்தது. அதோடு, 1932இல் டாடா தொடங்கி 1953இல் அரசுடைமையானது திரும்ப டாடாவுக்கே போகிறது என்பதும் பலருக்கு நெருடவில்லை.

நெய்வேலி அப்படி இல்லை. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் வீட்டையும் வயலையும் கொடுத்தன. ‘நாட்டுக்காக’ என்று கேட்டார்கள், கொடுத்தார்கள். ஒரு தனி முதலாளி கேட்டிருந்தால் அதே விலைக்கு, அதே மனதோடு கொடுத்திருப்பார்களா? 2006இல் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்ததும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியில் இருந்த திமுக கடுமையாக எதிர்த்தது. மன்மோகன் சிங் அரசு நெய்வேலி மட்டுமல்ல, எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்திவைத்தது. 2013இல் மறுபடி வந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட அரசு நிறுவனங்களில் 10 சதவீதமாவது பொதுப் பங்காக இருக்க வேண்டும் என்ற, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதியைக் காட்டினார்கள். அப்போது அரசிடம் இருந்தது 93.56 சதவீதம். அன்றைய முதல்வர் ஜெயலலிதா, தேவையான 3.56 சதவீதத்தைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார். ஐந்து மாநில நிறுவனங்கள் ஏறத்தாழ 360 கோடி ரூபாய்க்கு வாங்கின. விதியும் நிறைவேறியது, பங்கும் தனியாரிடம் போகவில்லை. இரண்டு கட்சிகளும் இரண்டு முறை ஒரே பக்கம் நின்றதற்குக் காரணம் மக்கள் மனநிலைதான்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூலையில் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்களை இறக்கியதும் இதே பொதுத்துறை நிறுவனம்தான். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை கேட்டு இன்றுவரை போராட்டம் நடக்கிறது. அதாவது ‘தனியாருக்குக் கொடுக்காதே’ என்பவர்கள் இப்போதைய நிர்வாகத்தில் திருப்தியாக இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. அரசு நிறுவனம் என்றால் சண்டை போட ஓர் இடமாவது இருக்கிறது என்பதே அவர்கள் கணக்கு.

விசாகப்பட்டினம் உருக்காலைக்கும் இதே கதை. அந்த ஆலை வேண்டும் என்று 1966இல் நடந்த கிளர்ச்சியில் 32 பேர் உயிர்விட்டார்கள். ‘விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு’, அதாவது விசாக எஃகு ஆந்திரர்களின் உரிமை என்பது அப்போது எழுந்த முழக்கம். 2021 ஜனவரியில் 100 சதவீதத்தையும் விற்பதாக அமைச்சரவை முடிவெடுத்தபோது அதே முழக்கம் திரும்ப வந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், 11,440 கோடி ரூபாய் மறுசீரமைப்பு நிதி அறிவித்தார்கள். சேலம் உருக்காலையை வாங்க விரும்புவோரிடம் 2019இல் விண்ணப்பம் கேட்டபோதும் முதலில் எழுந்த குரல், ‘அரசுக்குக் கொடுத்த நிலம், விற்பதானால் திருப்பிக் கொடு’ என்பதுதான்.

தனியார் வந்தாத்தான் சேவை நல்லாருக்கும்னு அனுபவமே சொல்லுதே? பிஎஸ்என்எல்லைப் பாருங்க.

தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதைச் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? பிஎஸ்என்எல்லை யாரும் வாங்கவில்லை. 1994 தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு போட்டியாளர்களை உள்ளே விட்டார்கள். சேவையை மாற்றியது போட்டி. பிறகு பிஎஸ்என்எல் பின்தங்கியதற்கு 4ஜி உரிய காலத்தில் கிடைக்காததும் பெரிய காரணம். அந்த முடிவுகளை எடுத்தது அரசு, கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ஊழியர் இல்லை.

போட்டியே சாத்தியமில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் குடிநீர் உதாரணம். 1989இல் விற்றார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே குழாய்தான் வரும், நிறுவனத்தை மாற்ற வழியில்லை. இன்று அங்கே கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் குடிநீரும் ரயிலும் பொதுத்துறைக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். ரயில் சேவைகளை 2025 முதல் அரசு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவருகிறது. அதே மக்கள் தொலைபேசியும் விமானமும் தனியாரிடமே இருக்கட்டும் என்கிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பிடிக்காவிட்டால் வேறு இடம் போகலாம் என்றால் மக்கள் தனியாரை ஏற்கிறார்கள், போக வழியில்லை என்றால் மறுக்கிறார்கள். கோவையில் குடிநீர் விநியோகப் பணியை 2018இல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கட்டணத்தை மாநகராட்சிதான் முடிவு செய்யும் என்று விளக்கம் கொடுத்தும் பயம் அடங்கவில்லை.

வேலை போயிடுமா? இடஒதுக்கீடு என்ன ஆகும்?

வேலையைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். ஏர் இந்தியாவில் ஓராண்டுக்கு யாரையும் நீக்கக்கூடாது, அதற்குப் பிறகு நீக்கினால் விருப்ப ஓய்வுத் திட்டம் தர வேண்டும் என்று நிபந்தனை. ஓராண்டு என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் எவ்வளவு சிறிய காலம் என்று யோசித்துப் பாருங்கள்.

இடஒதுக்கீட்டைப் பற்றி எந்த ஒப்பந்தமும் உத்தரவாதம் தராது. மத்தியப் பொதுத்துறையில் பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்பது ‘அரசு’ என்ற வரையறைக்குள் அந்த நிறுவனம் இருப்பதால் வருவது. நிறுவனம் தனியாரானதும் புதிய நியமனங்களில் அது நின்றுவிடும். தகவல் அறியும் உரிமையின் கீழ் மனுப் போடுவதும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கையும் அதோடு போகும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்தில் நேரடியாக மனுப் போடும் வழியும் (ரிட்) அடைபடும். ஏர் இந்தியா ஊழியர்கள் அரசு நிறுவனமாக இருந்தபோதே தொடுத்த வழக்கில்கூட, இப்போது அது தனியார், ரிட் செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த எதிர்ப்பு மற்ற பல மாநிலங்களைவிட ஆழமாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு. திருச்சி பெல், நெய்வேலி, ஆவடி, சேலம் என்று ஒரு தலைமுறை முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்த இடங்கள் இவை. ‘திறமையான நிர்வாகம்’ என்ற ஒரு சொல்லை வைத்து அந்த நினைவை அழித்துவிட முடியாது.

சங்கங்கள் மட்டும்தானே கத்துது? அவங்க சம்பளத்தைக் காப்பாத்திக்கத்தானே?

தங்கள் சம்பளத்தைக் காப்பாற்ற நினைப்பது குற்றமா? பால்கோ தொழிலாளர்கள் 2001இல் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளமில்லாமல்தான் இருந்தார்கள். ஆனால் கேள்வியில் ஒரு நியாயமும் உண்டு. வங்கியிலோ அலுவலகத்திலோ அலட்சியமாக நடத்தப்பட்ட ஒருவர், அதே ஊழியர்கள் வாசலில் கொடி பிடிக்கும்போது சேர்ந்து நிற்கமாட்டார். 2021இல் இரண்டு பொதுத்துறை வங்கிகளை விற்பதாக அறிவித்தபோது மார்ச்சிலும் டிசம்பரிலும் வேலைநிறுத்தம் நடந்தது. வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் கூட வந்து நின்றார்கள்? பொதுமக்கள் ஆதரவை நாள்தோறும் சம்பாதிக்க வேண்டும் என்று சங்கத் தோழர்களிடம் நான் சொல்லாத கூட்டம் இல்லை.

வித்த காசு எங்க போகுது?

அரசின் பொதுக் கணக்குக்கு. ஏர் இந்தியா 18,000 கோடிக்குப் போனது என்று செய்தி வந்தது. அதில் 15,300 கோடி, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட கடன். ரொக்கமாக வந்தது 2,700 கோடி. 61,000 கோடியைத் தாண்டிய மொத்தக் கடனில் மீதி அரசின் தலையில்தான் நிற்கிறது.

2021-22க்கு வைத்த இலக்கு 1.75 லட்சம் கோடி. வந்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்புறம் பட்ஜெட்டில் தனி இலக்கு வைப்பதையே விட்டுவிட்டார்கள். லாபம் தரும் நிறுவனத்தை விற்றால் ஆண்டுதோறும் வரும் ஈவுத்தொகையும் நின்றுபோகும் என்பதைக் கூட்டங்களில் சொன்னால் எல்லோரும் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பட்ஜெட் உரையில் அது கேட்பதில்லை.

அடிமாட்டு விலைக்கு வித்துட்டாங்கங்கிறது உண்மையா, சும்மா சொல்றதா?

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பால்கோவின் 51 சதவீதம் 551.5 கோடிக்குப் போனதை எதிர்த்த வழக்கில் 2001 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனையை உறுதிசெய்தது. பொருளாதாரக் கொள்கையில் தலையிட மாட்டோம் என்றது. ஆனால் 2002இல் நடந்த இந்துஸ்தான் ஜிங்க் விற்பனை பற்றி வழக்குப் பதிந்து விசாரிக்கும்படி சிபிஐக்கு 2021 நவம்பரில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸை 210 கோடிக்கு விற்க ஒப்புக்கொண்ட அரசு, ஊழியர்கள் விலை குறைவு என்று கேள்வி எழுப்பிய பிறகு நிறுத்திவைத்து, 2022இல் ரத்தும் செய்தது. ஆகவே சந்தேகப்படுவதில் தவறில்லை. சந்தேகத்தைத் தீர்ப்பாக மாற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நிலத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். விஎஸ்என்எல்லுக்குப் புனே, கொல்கத்தா, டெல்லி, சென்னையில் 770 ஏக்கருக்கு மேல் உபரி நிலம் இருந்தது. அது விற்பனையில் சேராது என்று ஒதுக்கினார்கள். அதைத் தனி நிறுவனமாகப் பிரித்து முடிக்கப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆனது.

ஒரு அரசு நிறுவனம் இன்னொரு அரசு நிறுவனத்தை வாங்கினா அது தனியார்மயமா?

இல்லை, ஆனால் விற்பனைக் கணக்கில் அதையும் சேர்த்துக் காட்டுவார்கள். பெட்ரோலிய நிறுவனமான எச்பிசிஎல்லின் 51.11 சதவீதத்தை 2018இல் எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி 36,915 கோடிக்கு வாங்கியது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசின் பங்கை 2020இல் சென்னைத் துறைமுகம் வாங்கியது. மேலே சொன்ன 2013 நெய்வேலி ஏற்பாடும் இதே வகை. மக்களிடம் எதிர்ப்பு எழாது. ஆனால் வாங்கும் நிறுவனத்தின் கையிருப்பு கரைவதை யாரும் பார்ப்பதில்லை.

மக்கள் வேண்டாம்னா நிறுத்த முடியுமா?

உருகுவேயில் முடிந்தது. 1992 டிசம்பரில் பொது வாக்கெடுப்பு வைத்து, 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் தனியார்மயச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தள்ளிவிட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்ட வழி இல்லை. இங்கே இருப்பவை மூன்று: கூட்டணி நெருக்கடி, நீண்ட போராட்டம், நீதிமன்றம்.

நீதிமன்றத்தில் கிடைத்த பெரிய வெற்றி 2003இல். எச்பிசிஎல், பிபிசிஎல் இரண்டும் நாடாளுமன்றச் சட்டத்தால் அரசுடைமை ஆனவை, அதனால் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பழைய சட்டங்களை நீக்கும் பட்டியலில் அந்தத் தேசியமயச் சட்டங்களும் 2016இல் நீக்கப்பட்டன. பிறகு பிபிசிஎல்லை விற்க அந்தத் தடை இல்லை. ஆனாலும் வாங்குவோர் இல்லாமல் 2022இல் விற்பனை கைவிடப்பட்டது. வங்கிகளுக்கு இன்னும் சட்டத் திருத்தம் தேவை. 1970, 1980 சட்டங்களைத் திருத்தாமல் தேசியமய வங்கிகளைத் தனியாருக்குத் தர முடியாது. 2021 அறிவிப்பு அப்படியே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நீங்க எந்தப் பக்கம்?

குடிநீர், மின் விநியோகம், நகரப் பேருந்து, நிலக்கரி போல மக்களுக்கு மாற்று வழி இல்லாதவற்றையும், மக்கள் நிலம் கொடுத்து உருவானவற்றையும் விற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு ரொட்டித் தொழிற்சாலையை அரசு நடத்தியாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அரசு தொடங்கிப் பிறகு விற்ற மாருதியைத் திரும்ப அரசுடைமை ஆக்கு என்று எந்த ஊரிலும் குரல் கேட்டதில்லை, எனக்கும் அந்த ஆசை இல்லை. விற்பதாக இருந்தால் மதிப்பீட்டு அறிக்கையை விற்பதற்கு முன்பே வெளியிட வேண்டும், அந்த ஊர் மக்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் இன்று கட்டாயமில்லை.

எங்க ஊர் ஆலை பேரு பட்டியல்ல வந்தா முதல்ல என்ன செய்யணும்?

விருப்ப விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பும் நிறுவனத்தைப் பற்றிய குறிப்பாணையும் பங்கு விற்பனையைக் கவனிக்கும் மத்திய அரசின் முதலீட்டுத் துறையின் (டிபாம்) இணையதளத்தில் வரும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு கணக்கரையும் ஒரு வழக்கறிஞரையும் கூப்பிடுங்கள். நிலம் விற்பனையில் சேர்கிறதா, எந்தச் சட்டத்தின் கீழ், என்ன நோக்கத்துக்காக அது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் நிரந்தர ஊழியர்களைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். தகவல் அறியும் மனுக்களை உடனே போடுங்கள், கைமாறிய பிறகு அந்தக் கதவு இருக்காது. கிராம சபையில் தீர்மானம் போடலாம். அது அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றக் குழு முன்னும் காட்ட ஒரு பதிவு கிடைக்கும்.